சேலத்தில் எடுத்த பர்மா



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் பேரவைச் செயலாளர் ரெண்டு வாரமாக விடாமல் துரத்தினார். கவிதை எழுத எனக்கு வராது. சிரிப்புத் துணுக்குக்கு எலெக்ட்ரிகல் பிரிவில் ஆள் ஏராளம். அதனால் ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் டி.ஆர்.சுந்தரம். சேலத்துக்காரர்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம். இறந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு.

ஏன் இவர்? காரணம் நம்ம ஹாஸ்டல்தான். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதுக்கப்புறம் அங்கே உள்நாட்டுப் போர். ராணுவத்தை எதிர்த்துக் காட்டுக்குள் போன இளைஞர்கள் சண்டை போடும் வீடியோக்கள் நம்ம பசங்க செல்போனிலும் வந்து விழுகின்றன. சில பேர் காலில் பூட்ஸ்கூட இல்லை, ரப்பர் செருப்பு. வயசு பார்த்தால் நம்ம வயசுதான். டிரோனிலிருந்து குண்டு விழுவது தெரிகிறது, பின்னாலே ஏதோ ஒரு பாட்டு. இது நிஜமா, கம்ப்யூட்டர் கேமா என்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வாக்குவாதம் நடக்கும். கேமில் வரும் சண்டையை நிஜப் போர் என்று பரப்புகிறவர்களும் இருப்பதால், அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது.

அந்த மியான்மருக்கு அப்போது பர்மா என்று பெயர். அங்கே நடந்த இன்னொரு போரை சுமார் எண்பது வருஷத்துக்கு முன்னால் நம்ம சேலத்தில், ஏற்காடு மலை அடிவாரத்தில், சினிமாவாக எடுத்தார் சுந்தரம். படத்தின் பெயர் பர்மா ராணி. இந்தக் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏற்காட்டிலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி காலேஜுக்கு வருகிறவன் நான். ரோட்டோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய வளைவைப் பஸ்ஸிலிருந்து பார்க்காத நாள் இல்லை. ஏதோ பழைய சினிமாக் கொட்டகையின் வாசல் என்றே வெளியூர்ப் பசங்க பலர் நினைக்கிறார்கள். அது கொட்டகை இல்லீங்க, படம் தயாரித்த இடம்.

சுந்தரம் 1907 ஜூலை 16ஆம் தேதி திருச்செங்கோட்டில் பிறந்தார். நூல், துணி வியாபாரத்தில் நல்ல வசதியான குடும்பம். பட்டப்படிப்பை முடித்ததும் கப்பலேறி இங்கிலாந்து போய், லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். அதாவது நாங்க டெக்ஸ்டைல் பிரிவில் படிக்கிற அதே பாடம்! (மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்.) அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊர் திரும்பினார். 1930களில் திருச்செங்கோட்டு வியாபாரிக் குடும்பத்தில் வெள்ளைக்கார மருமகள் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

வந்தவர் மில் ஆரம்பிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் போனது சினிமாவுக்கு. சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனி நடத்தினார். அதில் கூட்டாளியாகச் சேர்ந்து திரௌபதி வஸ்திராபஹரணம், துருவா, நல்லதங்காள் ஆகிய படங்களில் பங்கு கொண்டார். அப்போதெல்லாம் தமிழில் பேசும் படம் எடுக்கணும் என்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ நடிகர் பட்டாளத்தையே ரயிலேற்றிக் கூட்டிப்போகணும். சமையல்காரர் முதல் மிருதங்கக்காரர் வரை போயாகணும். சுந்தரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு செட் போட்டு நாலு படம் எடுக்கலாமே, அதுவும் சொந்த ஊரிலேயே எடுக்கலாமே என்ற யோசனையில், 1930களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படம் சதி அகல்யா, 1937. அடுத்த வருஷமே பாலன். மலையாளத்தின் முதல் பேசும் படம் நம்ம சேலத்தில் எடுக்கப்பட்டது என்று கேரள நண்பர்களிடம் தாராளமாகப் பெருமை அடிக்கலாம்.

ஸ்டூடியோவை அவர் நடத்திய விதத்தை விசாரித்தால் ஒரு டெக்ஸ்டைல் மில்லை அப்படியே கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். ஆர்ட்டிஸ்ட், டெக்னீஷியன், தச்சர், தையல்காரர் என்று எல்லாருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரணும். எத்தனை பெரிய நடிகராக இருந்தாலும் தாமதம் என்றால் முதலாளி முகத்தில் விழிக்கவே பயம். பஞ்சு உள்ளே போனால் துணி வெளியே வரணும், கதை உள்ளே போனால் படம் வெளியே வரணும், அவ்வளவுதான். கண்டிப்பு கொஞ்சம் அதிகம் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கண்டிப்பால்தான், மெட்ராஸிலிருந்து இத்தனை மைல் தள்ளி இருந்த ஒரு கம்பெனி சுந்தரம் காலத்திலும் அவர் மகன் காலத்திலுமாகச் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து முடித்தது என்பது என் எண்ணம். 1940ல் வந்த உத்தமபுத்திரனில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். கேமராவை அசைக்காமல், பிலிமின் பாதியை மறைத்து ஒரு தரம், மறுபாதியை மறைத்து இன்னொரு தரம் என்று எடுக்கிற வித்தை. ஒரு நூலிழை தப்பினாலும் கோடு தெரிந்துவிடும்.

மலை இருந்ததும் பெரிய வசதி. காடு, பாறை, ஓடை, வளைந்து போகும் பாதை எல்லாம் ஸ்டூடியோவை ஒட்டியே கிடைத்தன. காட்டுக் காட்சி என்றால் சேர்வராயன் மலைதான். பல ராஜா கதைகளில் குதிரை ஓடிய காடு எங்கள் ஊர்க் காடு.

இனி போருக்கு வருவோம்.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே ஜப்பான் கையில். 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். நெல் ஆலைக் கூலி, துறைமுகக் கூலி, வட்டிக்கடை, சாப்பாட்டுக் கடை என்று எல்லாத் தொழிலிலும் நம்மாட்கள். அவர்களில் நாலைந்து லட்சம் பேர் மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் நடந்தே வந்தார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். எங்கள் பாட்டியின் அண்ணன் ஒருத்தர் ரங்கூன் நெல் ஆலையில் இருந்தார். மாதாமாதம் மணியார்டர் வரும். 1941 கடைசியில் நின்றதுதான், ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை. ஏற்காட்டு எஸ்டேட் லயனில் இருந்துகொண்டு பாட்டி ரொம்ப காலம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பர்மா என்ற வார்த்தையைக் கேட்டால் தமிழ்நாட்டில் அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஞாபகம் வரும். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சினிமாக்காரர்களுக்கு வேறொரு கஷ்டம் வந்தது. கச்சா பிலிம் முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் வரணும். (ஊட்டியில் அரசாங்க பிலிம் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 1967ல்தான்.) போர்க்காலத்தில் கப்பல் இல்லை, பிலிமும் இல்லை. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று 1942ல் உத்தரவு வந்தது. கணக்குப் பண்ணிப் பாருங்களேன். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 படம், நொடிக்கு 24 படம் ஓடும். அப்படியானால் நிமிஷத்துக்கு 90 அடி. 11,000 அடிக்கு ரெண்டு மணி ரெண்டு நிமிஷம். நாற்பது ஐம்பது பாட்டு வைத்து மூணு மூணரை மணி நேரம் ஓட்டிய காலம் அத்தோடு முடிந்தது. இசைப் பிரியர்களுக்கு வருத்தம், எனக்கென்னவோ நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. பிலிமைப் பங்கு போட்டுக் கொடுத்தது அரசாங்கம். போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்களை நெருக்கியதும் அதே அரசாங்கம். கொட்டகைகளில் அரசாங்கச் செய்திப் படத்தைக் கட்டாயம் காட்டணும் என்ற விதியும் 1943ல் வந்தது.

இந்த நெருக்கடியில் தமிழில் மூன்று படங்கள் 1945ல் வெளிவந்தன. கே.சுப்பிரமணியத்தின் மானசம்ரக்ஷணம், ஜெமினியின் கண்ணம்மா என் காதலி, சுந்தரத்தின் பர்மா ராணி. ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருக்கும் பர்மாவுக்குள் இந்திய விமானப்படை வீரர்கள் விழுந்துவிடுகிறார்கள். எதிரி கண்ணில் படாமல் அவர்களுக்கு உதவி செய்து தப்ப வைக்கும் ரகசிய வேலைதான் கதை. ஹொன்னப்ப பாகவதர், கே.எல்.வி.வசந்தா முதலியோர் நடித்தார்கள். படத்தை இயக்கியவர் சுந்தரமே. அத்தோடு விடவில்லை, ஜப்பானியத் தளபதி வேஷத்தையும் அவரே போட்டார். ஸ்டூடியோவில் எல்லோரும் பயப்படும் முதலாளி திரையிலும் வில்லனாக வந்தால் தொழிலாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஸ்டூடியோவில் போரை எப்படி எடுப்பார்கள்? அந்தக் காலத்தில் எங்கேயும் வழக்கம் இதுதான்: தோட்டாவில் ஈயம் இருக்காது, வெறும் மருந்து. விமானம் என்பது மரத்தில் செய்து கம்பியில் தொங்கவிட்ட பொம்மை. குண்டு வெடிப்பதற்கு வெடிமருந்தோடு மண்ணையும் கரித்தூளையும் சேர்த்துப் புதைப்பார்கள். நிஜ விமானம் பறக்கும் துண்டுப் படம் கிடைத்தால் நடுவில் ஒட்டிக்கொள்வார்கள். பார்க்கிறவன் கண் தானாகவே எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளும்.

சரி, இது போலி, செல்போனில் வருவதுதான் அசல் என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு லேசில் முடியாது. 1914ல் மெக்சிகோவின் உள்நாட்டுப் போரில் பாஞ்சோ வில்லா என்ற கிளர்ச்சித் தலைவர் அமெரிக்காவின் மியூச்சுவல் பிலிம் கம்பெனியோடு ஒப்பந்தமே போட்டுக்கொண்டார், தன் படை சண்டை போடுவதைப் படம் பிடிக்க. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் பகலில்தான் சண்டை என்று அவர் கையெழுத்துப் போட்டதாக ஒரு கதை உண்டு. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று பிற்பாடு வரலாற்று ஆசிரியர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் நிஜப் போர்க்களத்தில் எடுத்தது போதாமல், நடித்து எடுத்த காட்சிகளையும் சேர்த்துத்தான் அந்தப் படம் வெளிவந்தது. அசலும் நடிப்பும் ஒரே ரீலில். சுந்தரமாவது டிக்கெட் கொடுத்து, பாட்டு வைத்து, இது சினிமா என்று சொல்லித்தான் காட்டினார்.

நான் இதை எழுத வந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சேலத்தில் பர்மா ராணி உருவான அதே காலத்தில் நிஜமான பர்மாவில் வேறு ராணிகள் இருந்தார்கள்!

1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபரில் ஜான்சி ராணிப் படை என்று பெண்களுக்குத் தனிப் படை. தலைவி மெட்ராஸ் டாக்டர், கேப்டன் லட்சுமி. சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவை ஒரு தடவைகூடப் பார்க்காத பெண்கள் அதில் நிறைய! 1944ல் அவர்களில் ஒரு பகுதி பர்மாவுக்குப் போனது. அதே 1944ல் இம்பாலில் ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவம் மோதியது. எதிரே நின்றது யார்? பிரிட்டிஷ் இந்திய ராணுவம், அதாவது பெரும்பாலும் நம்மாட்களே. சில வருஷத்துக்கு முன்னால் வரை ஒரே பாரக்கில் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். வெள்ளைக்காரன் கணக்கில் ஒரு பக்கம் விசுவாசிகள், இன்னொரு பக்கம் கலகக்காரர்கள். இதை உள்நாட்டுப் போர் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் இந்தியன் இந்தியனைச் சுட்ட போர் அது.

அந்தக் கலகக்காரப் பெண்களைச் சேலத்துக் கொட்டகையில் யாரும் பார்க்கவில்லை. தணிக்கை விடாது. அரசாங்கச் செய்திப் படத்தில் வெற்றிச் செய்திதான் வரும். ரங்கூனிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலி பேசியதைத் திருட்டுத்தனமாகக் கேட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விஷயம் தெரியும். திரையில் ராணி என்றால் வெள்ளைக்காரன் பக்கத்து வீரர்களுக்கு உதவும் படத்தின் ராணிதான். நிஜ ராணிகள் அப்போது காட்டில் சப்பாத்து கிழிந்து, மலேரியாவோடு, 1945ல் ரங்கூனிலிருந்து பாங்காக் பக்கம் பின்வாங்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் சுந்தரம் வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவரா? எங்கள் கிளாஸில் ஒருத்தன் அப்படித்தான் அடித்துப் பேசினான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிலிம் இல்லையென்றால் ஸ்டூடியோ பூட்டு, மாதச் சம்பளக்காரர்கள் தெருவில். அது ஒரு பக்கம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அதே ஜப்பான் ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போட மலேயாத் தமிழர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனது. 1942, 43ல் அந்தக் காட்டில் காலராவிலும் அடியிலும் பசியிலும் மாண்ட தமிழர்கள் பல ஆயிரம். அதனால் சுந்தரம் நடித்த கொடுமைக்கார ஜப்பானியத் தளபதி முழுப் பொய்யும் அல்ல. மகள் ஜான்சி ராணிப் படையில், அப்பா ரயில் பாதைக் கூலியில் என்று ஒரே தோட்டத்து லயனில் ரெண்டும் நடக்கக்கூடிய காலம் அது. 11,000 அடியில் அவர் காட்டியது அதில் ஒரு பாதி. மறுபாதியைக் காட்ட அன்றைக்கு யாருக்கும் அனுமதி இல்லை. இன்றைக்கு நம் கைக்கு வரும் மியான்மர் வீடியோவையும் யாரோ ஒரு பக்கத்தில் நின்றுதான் எடுக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் யார் என்று நாம கேட்கிறோமா?

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவர் மேலும் விசாரணை தொடங்கியதும் நாடே கொதித்தது. பர்மாவில் பிடிபட்ட கேப்டன் லட்சுமி 1946 மார்ச்சில் இந்தியா திரும்பினார். அதுவரை கலகக்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரே வருஷத்தில் வீரர்கள் ஆனார்கள்.

சுந்தரமும் காலத்தைப் படிக்கத் தெரிந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு அவர் ஸ்டூடியோவிலிருந்து வந்த வாள்சண்டைப் படங்களைப் பாருங்கள். 1950ல் மந்திரிகுமாரி, வசனம் மு.கருணாநிதி. இயக்கத்தில் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கரும் சுந்தரமும். 1951ல் சர்வாதிகாரி. ரெண்டிலும் எம்.ஜி.ஆர். அரண்மனைச் சதியை எதிர்த்து நிற்கிறவன் கதாநாயகன். கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்தவர்தான். பின்னாளில் முதலமைச்சரான ரெண்டு பேர் ஏற்காடு ரோட்டில் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள் என்றால் நம்ம ஊர் சாமானியமா?

1952ல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து தி ஜங்கிள் என்ற ஆங்கிலப் படம், ஹாலிவுட் நடிகர்கள் சேலத்துக்கு வந்தார்கள். 1956ல் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். 1961ல் கண்டம் பெச்ச கோட்டு, மலையாளத்தின் முதல் வண்ணப் படம். இயக்கம் சுந்தரமே.

1963 ஆகஸ்ட் 30ஆம் தேதி தன் 56ஆவது வயதில் காலமானார். மனோரமாவைக் கதாநாயகியாக்கிய கொஞ்சும் குமரி அந்த வருஷப் படம்தான். பிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று ஜெய்சங்கரை வைத்து இரு வல்லவர்கள், வல்லவன் ஒருவன், சி.ஐ.டி. சங்கர் என்று துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளினார். துப்பாக்கிச் சத்தத்துக்கு அதிலும் குறைவில்லை. 1980களில் அதுவும் ஓய்ந்தது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள்.

- இறுதியாண்டு, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு